உரிமையாளர் அறியப்படவில்லை

கலீசியாவின் மேற்கு ஓரம், விலார்மெயான் ஊராட்சி.
மழை விடாத நவம்பரில்
எனக்குக் கொடுத்த வேலை:
இருநூற்றுப் பதினான்கு துண்டு நிலங்களுக்கு
ஆள் பிடிப்பது.

நிலம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம்.
ஒன்றில் இரண்டு கட்டில் போடலாம்,
நாற்காலிக்கு இடம் போதாது.
இன்னொன்றில் ஒரே ஒரு கஷ்கொட்டை மரம்.
மரம் ஒருவருக்கு, அடிமண் வேறொருவருக்கு,
காய் முந்திக்கொள்ளும் காட்டுப்பன்றிக்கு.
பாகம் பிரித்துப் பிரித்துக்
காணி முந்திரியாகி, முந்திரி இம்மியாகி,
இம்மிக்கும் நாலு வாரிசு.

வரி, ஆண்டுக்கு எண்பது சென்ட்.
அதைக் கேட்டு அனுப்பும் கடிதத்துக்கு
அஞ்சல்தலை அதைவிட விலை.

கதவு கதவாகத் தட்டினேன்.

"அது சித்தப்பா வழிச் சொத்து," என்றார் டெல்மிரோ,
கறந்த பால் கையில் காயாமல்.
"அவர் கரக்காஸ் போனார். அங்கே கேளுங்கள்."

கசில்டாவின் கோழிக்கூடு
நின்றதே அந்தத் துண்டின்மேல்தான்.
"அந்த முட்புதரா? எர்மித்தாஸ் பேருக்கு எழுதுங்கள்,
அவளுக்குத்தான் ஆசை அதிகம்."
எர்மித்தாஸ் கதவைத் திறக்காமலே சொன்னாள்:
"கசில்டாவுக்கே எழுதுங்கள்."

தேவாலயப் புல்வெளி இறையிலி.
இறைவனிடம் யார் கேட்பது இறை?

மதுக்கடையில் என்னைப் பார்த்ததும்
பேச்சு உரத்தது:
"ஆகஸ்டில் மலை எரிந்தபோது
நாங்கள்தான் வாளி தூக்கினோம்.
அன்றைக்கு வராத அரசாங்கம்
இன்றைக்கு நனைந்துகொண்டு வந்திருக்கிறது."
நியாயம்தான். நனைந்துதான் இருந்தேன்.
யூகலிப்டஸ் நட்டது யார் என்று கேட்டேன்.
யாருமில்லை.
வெட்டி விற்றது?
அதுவும் யாருமில்லை.
அடிக்கட்டைகளில் பிசின் இன்னும் ஈரமாயிருந்தது.

ஜனவரியில், பேருந்து நிறுத்தக் கண்ணாடியில்
காற்றாலை நிறுவனத்தின் அறிவிப்பு ஒட்டப்பட்டது.
கோபுரம் நிற்கும் மண்ணுக்கு வாடகை,
கம்பி போகும் மண்ணுக்கு வாடகை,
இறக்கை சுழலும் வானத்துக்குக் கீழே
சும்மா கிடக்கும் மண்ணுக்கும் வாடகை.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு
என் கவுன்டர் முன்னால் குடைகள்.

டெல்மிரோ ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்தார்.
தாத்தா காலத்துக் கிரயப் பத்திரம்,
கையெழுத்துக்குப் பதில் ஒரு சிலுவை,
ஓரமெல்லாம் எலி தின்றது.
கரக்காஸ் சித்தப்பாவின் மகன்
போன் திரையில் நெற்றி மட்டும் தெரிய
"என் பங்கு, என் பங்கு" என்றார்.
கசில்டாவும் எர்மித்தாஸும்
ஒரே குடையில் வந்திருந்தார்கள்.

அளவுகோலோடு மலை ஏறினேன்.
நேற்றுவரை இல்லாத எல்லைக்கற்கள்
ஈரமண்ணில் முளைத்திருந்தன.
எங்கள் பக்கத்தில் பாசி கல்லின் வடக்கு முகத்தில் படியும்.
இந்தக் கற்களில் அது
தெற்கே பார்த்தது, கிழக்கே பார்த்தது,
ஒன்றில் மண்ணுக்குள் தலைகீழாக.
மனுக்களைக் கூட்டிப் பார்த்தேன்:
மலை ஒன்று.
கோரியவை ஒன்றேமுக்கால் மலை.

எண்பத்தெட்டாம் துண்டு மட்டும் அப்படியே கிடக்கிறது.
பள்ளத்தாக்கின் அடி. காற்று நுழையாது.
ஊர் முழுக்கக் குடிக்கும் ஊற்று
அங்கிருந்துதான் குழாயில் புறப்படுகிறது.
அதன் நேரே பதிவேட்டில்
பழைய வாசகமே இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும்.
நூற்று அறுபத்து மூன்றாம் துண்டு
என் அப்பா வாங்கியது, எழுதிக்கொள்ளாதது.
நவம்பரில் பட்டியலைப் படிக்கும்போதெல்லாம்
நூற்று அறுபத்து இரண்டுக்குப் பிறகு
எனக்கு இருமல் வந்துவிடும்.
மூன்றாவது கோபுரம்
அதன் நட்டநடுவே வருகிறது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில்
கவுன்டரைச் சுற்றி வந்து
நானும் ஒரு டோக்கன் எடுத்தேன்.
அறுபத்தொன்று.
முன்னால் நின்ற எர்மித்தாஸ்
திரும்பிப் பார்த்தாள்,
கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.